ஸ்காட்லாந்துப் பழம் பங்குப் பதிவேடுகளும் குடிவழி ஆய்வும்

முன்னுரை

ஒரு குடும்பத்தின் முன்னோரை அறிய விரும்புவோர் நாடும் எழுத்துச் சான்றுகளுள் சமயப் பதிவேடுகள் முதன்மையானவை. ஐரோப்பிய நாடுகளில் அரசு பிறப்பையும் இறப்பையும் பதியத் தொடங்குவதற்கு முன்னரே திருச்சபை அப்பணியை மேற்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் 1553 முதல் 1854 முடியவுள்ள மூன்று நூற்றாண்டுக் காலத்துப் பதிவுகள் ‘பழம் பங்குப் பதிவேடுகள்’ என்னும் பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3,500 ஏடுகள் இன்று எடின்பரோவில் ஒரே காப்பகத்தில் பேணப்படுகின்றன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குடியேறிய ஸ்காட்லாந்து மக்களின் வழியினர் தம் வேர்களைத் தேடி முதலில் அணுகுவது இவ்வேடுகளையே ஆகும்.

இவ்வேடுகள் குடிவழியை அறிவிக்கும் நோக்கில் எழுதப்பட்டவை அல்ல. சமய ஒழுங்கைக் காக்கவும், கட்டணங்களைக் கணக்கிடவும், ஆதரவற்றோரைப் பேணும் பொறுப்பு யாரைச் சாரும் என்பதை முடிவு செய்யவுமே எழுதப்பட்டன. எனவே ஒருவர் பெயர் ஏட்டில் இருப்பதற்கும் இல்லாமைக்கும் அவர் வாழ்வுக்குப் புறம்பான காரணங்கள் பல உள. அக்காரணங்களை அறியாமல் ஏட்டைப் படிப்பவர் பிழையான முடிவுக்கு வருதல் கூடும். பதிவேடுகளின் தோற்றம், உள்ளடக்கம், குறைபாடுகள் ஆகியவற்றைத் தொகுத்துரைத்து, கவிஞர் இராபர்ட் பர்ன்ஸின் குடும்பப் பதிவுகளைச் சான்றாகக் கொண்டு, ஏட்டின் பேச்சையும் மௌனத்தையும் எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவேடுகளின் தோற்றம்

1552ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் குருமாரின் மாகாணப் பேரவை, ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குகளையும் திருமண ஓலைகளையும் ஏட்டில் பதிதல் வேண்டும் என விதித்தது. அப்போது நாடு கத்தோலிக்கத் திருச்சபையின்கீழ் இருந்தது. பெர்த்ஷயரைச் சேர்ந்த எர்ரல் என்னும் பங்கின் 1553ஆம் ஆண்டு ஏடே இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது. 1560-இல் சமயச் சீர்திருத்தம் நிகழ்ந்து புரொட்டஸ்டண்ட் நெறி நிலைபெற்றது. ஆட்சி செய்த சமயம் மாறினும் பதியும் வழக்கம் கைவிடப்படவில்லை. 1616-இல் அரசரின் ஆலோசனை மன்றமும் ஒவ்வொரு குருவும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிய வேண்டுமென ஆணையிட்டது.

ஒரே கட்டளை திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டமையே அது முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பதற்குச் சான்றாகும். தென்பகுதியிலும் கிழக்குக் கடலோரத்திலும் உள்ள நகர்ப் பங்குகள் சில பதினாறாம் நூற்றாண்டிலேயே ஏடு தொடங்கின. வடமேற்கு மலைநாட்டிலும் மேலைத் தீவுகளிலும் உள்ள பல பங்குகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலோதான் ஏடுகள் தொடங்குகின்றன. ஆதலின் ஒரு குடும்பத்தின் வரலாறு எத்தனை தலைமுறை பின்னோக்கிச் செல்லும் என்பதை அக்குடும்பம் வாழ்ந்த இடமே பெரிதும் முடிவு செய்கிறது.

ஏட்டை எழுதியவர் பெரும்பாலும் பங்கின் மூப்பர் அவைக்கு எழுத்தராக இருந்தவர். ஊர்ப் பள்ளி ஆசிரியரே இப்பணியையும் சேர்த்துப் பார்த்தமை பரவலான வழக்கு. குறைந்த ஊதியம் பெற்ற அவருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு துணை வருவாயாக அமைந்தது. எழுத்தர் ஒருவர் இறந்து மற்றொருவர் அமரும் இடைவெளியில் பல ஆண்டுகள் பதிவின்றிக் கழிந்த பங்குகள் உண்டு. சிறு தாள்களில் குறித்து வைத்துப் பின்னர் ஒருசேர ஏட்டில் ஏற்றியமையால் நாள்முறை பிறழ்ந்த இடங்களும் உண்டு. ஈரம், தீ, புறக்கணிப்பு ஆகியவற்றால் அழிந்தவை வேறு.

பதிவின் உள்ளடக்கம்

திருமுழுக்குப் பதிவு பொதுவாகக் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், அவர் வாழும் ஊர் அல்லது பண்ணை, தாயின் பெயர், திருமுழுக்கு நாள், சாட்சிகள் இருவர் ஆகிய செய்திகளைக் கொண்டிருக்கும். சில ஏடுகளில் பிறந்த நாளும் தந்தையின் தொழிலும் இடம்பெறும். சில ஏடுகளிலோ தாயின் பெயரே இராது. தாய் குறிக்கப்படும்போது அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராலேயே குறிக்கப்படுவது ஸ்காட்லாந்து வழக்கின் சிறப்பியல்பாகும். அந்நாட்டுப் பெண்டிர் திருமணத்திற்குப் பின்னும் சட்டமுறையில் தம் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. இதனால் தாய்வழி மரபைத் தேடுவோர்க்கு இவ்வேடுகள் பெருந்துணை செய்கின்றன. சாட்சிகளாக நின்றோர் பல வேளைகளில் உறவினராகவே இருந்தமையால் அப்பெயர்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

திருமணப் பதிவுகளுள் பெரும்பாலானவை திருமணம் நடந்த செய்தியைக் கூறுவன அல்ல. ஓலை வாசிக்கப்பட்ட செய்தியையே கூறுகின்றன. மணமக்கள் வெவ்வேறு பங்கினராயின் இரண்டு பங்குகளிலும் ஓலை வாசிக்கப்பட்டது. ஒரே திருமணத்திற்கு இரண்டு ஏடுகளில் வெவ்வேறு நாள்கள் காணப்படுவதற்கு இதுவே காரணமாகும். ஓலை வாசித்த பின் திருமணம் நடைபெறாமற் போதலும் உண்டு.

அடக்கப் பதிவுகளே மூவகையுள்ளும் மிகக் குறைவானவை. பல பங்குகளில் அடக்கத்திற்கெனத் தனியேடு இல்லை. சவப்பெட்டியின்மீது போர்த்தும் துணியைப் பங்கு வாடகைக்கு வழங்கிய கணக்கு மட்டுமே எஞ்சியுள்ளது. வாடகை செலுத்திய நாளைக் கொண்டே இறந்த நாளை உய்த்துணர வேண்டியுள்ளது. துணிக்கு வாடகை தர இயலாதார் அக்கணக்கிலும் இடம்பெறவில்லை.

நாட்களைக் கணக்கிடுவதிலும் விழிப்பு வேண்டும். ஸ்காட்லாந்தில் 1600 முதல் ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்குவதாகக் கொள்ளப்பட்டது. அதற்கு முன்னர் மார்ச்சு 25-இல் ஆண்டு தொடங்கியது. எனவே பதினாறாம் நூற்றாண்டு ஏட்டில் ஓராண்டின் பிப்ரவரியாகக் குறிக்கப்பட்டது இன்றைய கணக்கில் அடுத்த ஆண்டின் பிப்ரவரியாகும். இங்கிலாந்தில் இம்மாற்றம் 1752-இல்தான் வந்தது என்பதால் இரு நாட்டு ஏடுகளையும் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் இன்றியமையாதது.

பின்னோக்கிச் செல்லும் வழி

குடிவழி ஆய்வின் அடிப்படை நெறி அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்வதாகும். ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை இவ்வழியில் 1855ஆம் ஆண்டு ஒரு வாயிலாக அமைந்துள்ளது. 1854-இல் இயற்றப்பட்ட பதிவுச் சட்டத்தின்படி 1855 சனவரி முதல் நாள் தொடங்கி அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியலாயிற்று. அச்சட்டமே 1819 முடியவுள்ள பங்கு ஏடுகளைத் தலைமைப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும், 1820 முதல் 1854 முடியவுள்ளவற்றை முப்பது ஆண்டுக் காலம் வட்டாரப் பதிவாளர் வைத்திருந்து பின்னர் ஒப்படைக்கவும் வகை செய்தது. ஊர்தோறும் சிதறிக் கிடந்த ஏடுகள் ஓரிடம் சேர்ந்தமைக்கு இச்சட்டமே காரணம்.

1855ஆம் ஆண்டின் பதிவுகள் வேறெவ்வாண்டிலும் இல்லாத அளவு விரிவானவை. அவ்வாண்டுப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த இடம், அவர்தம் திருமணம் நடந்த நாளும் இடமும், அவர்களுக்கு முன்னர்ப் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியன கேட்டெழுதப்பட்டன. இறப்புப் பதிவில் இறந்தவரின் பிறப்பிடம், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகளின் பெயர்கள், அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகியன குறிக்கப்பட்டன. இவ்வளவு செய்திகளையும் திரட்டுவது பதிவாளர்க்குச் சுமையானமையால் 1856-இல் பல வினாக்கள் நீக்கப்பட்டன. பெற்றோரின் திருமண நாளும் இடமும் 1861 முதல் மீண்டும் பிறப்புப் பதிவில் சேர்க்கப்பட்டன.

எண்பது வயதில் 1855-இல் இறந்த ஒருவரின் பதிவு, 1775ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒரு திருமுழுக்கைத் தேடுவதற்கு வேண்டிய பெற்றோர் பெயரையும் பங்கின் பெயரையும் ஒருசேரத் தந்துவிடுகிறது. எனினும் இச்செய்திகளைச் சொன்னவர் இறந்தவரல்லர். அவருடைய மகனோ மருமகனோ அண்டை வீட்டாரோ ஆவர். தாம் பார்த்தறியாத பாட்டியின் பெயரை அவர்கள் செவிவழிச் செய்தியாகவே கூறியிருத்தல் கூடும். எனவே இதனை மக்கட்தொகைக் கணக்கோடு ஒப்பிடுதல் வேண்டும். 1841ஆம் ஆண்டுக் கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. 1851ஆம் ஆண்டுக் கணக்கிலோ வயதும், குடும்பத் தலைவருக்கு உறவுமுறையும், பிறந்த பங்கும் தெளிவாக இடம்பெற்றன.

பெயரும் பெயரீட்டு மரபும்

ஒரே பங்கில் ஒரே காலத்தில் ஒரே பெயருடையோர் பலர் வாழ்ந்தனர். அவர்களை வேறுபடுத்தி அறிய உதவும் கருவிகளுள் ஒன்று பெயரீட்டு மரபு. தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும், மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயரையும் இடுவர். தலைமகளுக்குத் தாயின் தாய் பெயரும், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயரும், மூன்றாம் மகளுக்குத் தாயின் பெயரும் இடப்பெறும். பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்னும் பொருளில் ‘பெயரன்’ என்னும் உறவுச்சொல் வழங்கும் தமிழில் பயில்வோர்க்கு இம்மரபின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை.

இம்மரபு எந்த அளவுக்குச் சான்றாகும் என்பதற்கு இராபர்ட் பர்ன்ஸின் உடன்பிறந்தோர் பெயர்களே எடுத்துக்காட்டாவன. கவிஞரின் தந்தை வில்லியம். தாய் ஆக்னஸ் பிரௌன். தலைமகனாகிய கவிஞருக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயராகிய இராபர்ட் இடப்பட்டது. அடுத்த மகன் தாய்வழிப் பாட்டனார் கில்பர்ட் பிரௌனின் பெயரைப் பெற்றான். மூன்றாம் மகன் தந்தையின் பெயராகிய வில்லியம் என்பதைப் பெற்றான். மூவரும் மரபோடு முழுதும் பொருந்துகின்றனர். தலைமகள் ஆக்னஸ் தாய்வழிப் பாட்டியின் பெயரைத் தாங்கியவள். ஆனால் தந்தைவழிப் பாட்டியாகிய இசபெல்லா கீத்தின் பெயர், மரபின்படி இரண்டாம் மகளுக்கு வராமல் மூன்றாம் மகளுக்கே வந்துள்ளது. இரண்டாம் மகளின் பெயர் அன்னபெல்லா. ஆகவே பெயரீட்டு மரபு தேடும் திசையைக் காட்டுவதேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளத்தக்கதன்று என்பது புலனாகும்.

குடும்பப் பெயரின் எழுத்து வடிவமும் நிலையானதன்று. வடகிழக்கில் கின்கார்டின்ஷயரில் பர்னஸ் என வழங்கிய குடும்பப் பெயரைக் கவிஞரும் அவர் தம்பி கில்பர்ட்டும் 1786-இல் பர்ன்ஸ் என வரையறுத்துக் கொண்டனர். எழுத்தர்கள் தம் செவியிற் பட்டவாறே பெயர்களை எழுதினர். பெயருக்குரியோர் பலர் எழுத்தறியாதவர். கேலிக் மொழி பேசிய மலைநாட்டுப் பங்குகளில் இச்சிக்கல் மேலும் மிகுகிறது. அங்கு மக்கள் பேசியது கேலிக்; ஏடு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். கில்லியஸ்பிக் என அழைக்கப்பட்டவர் ஏட்டில் ஆர்ச்சிபால்ட் ஆனார். ஓசையாலோ பொருளாலோ நெருக்கமில்லாத இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்பதை வழக்கறிந்தோரே உணர இயலும். ஒரு குலத்தலைவரின் நிலத்தில் குடியிருந்தோர் அவர் குடும்பப் பெயரைத் தமதாக ஏற்றுக்கொண்டமையும் உண்டு. ஆதலின் ஒத்த குடும்பப் பெயருடையோர் அனைவரும் ஒரு முதல்வன் வழித்தோன்றியோர் என்னும் பரவலான நம்பிக்கைக்கு ஏடுகள் இடந்தரவில்லை.

பதிவின்மையின் காரணங்கள்

ஒருவர் பெயர் திருமுழுக்கு ஏட்டில் இல்லையாயின் அவர் அப்பங்கில் பிறக்கவில்லை என முடிவு செய்தல் எளிது. ஆனால் அது பெரும்பாலும் பிழையாக முடியும். பதிவின்மைக்கு மூன்று காரணங்களைச் சிறப்பாகச் சுட்டலாம்.

முதலாவது, வரி. 1783-இல் பிரித்தானிய அரசு ஒவ்வொரு திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி விதித்தது. 1794-இல் அவ்வரி நீக்கப்பட்டது. இடைப்பட்ட பதினோராண்டுகளில் பதிவுகள் குறைந்தமையைப் பல ஏடுகளில் காணலாம். குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்த பெற்றோர் அதனை ஏட்டில் ஏற்றாமல் விட்டனர்.

இரண்டாவது, சமயப் பிளவு. 1733 தொடங்கி நாட்டுத் திருச்சபையினின்றும் பல குழுவினர் பிரிந்து சென்றனர். 1843-இல் நிகழ்ந்த பெரும் பிளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக் குருமார் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். பிரிந்து சென்றோர் தம் குழந்தைகளின் பெயரைப் பழைய திருச்சபையின் ஏட்டில் பதிய விரும்பவில்லை. பங்குப் பதிவேடு என்பது பங்கில் வாழ்ந்தோர் அனைவரின் ஏடு அன்று. ஒரு திருச்சபையோடு இணங்கி வாழ்ந்தோரின் ஏடே ஆகும்.

மூன்றாவது, வறுமையும் இடப்பெயர்ச்சியும். குத்தகை உழவரும் பண்ணையாட்களும் குத்தகைக் காலம் முடிந்ததும் இடம் மாறினர். கட்டணம் செலுத்த வழியற்றோர்க்கும் நிலையான இருப்பிடம் அற்றோர்க்கும் ஏடு எட்டாததாகவே இருந்தது.

சர் ஜான் சின்க்ளேர் 1791 முதல் 1799 வரை இருபத்தொரு தொகுதிகளாக வெளியிட்ட ஸ்காட்லாந்துப் புள்ளியியல் விவரத் தொகுப்பிற்குத் தத்தம் பங்கைப் பற்றி எழுதியனுப்பிய குருமார் பலர், வரியாலும் பிரிந்து சென்றோரின் புறக்கணிப்பாலும் தம் ஏடுகள் முழுமையற்றவை என்று தாமே குறித்துள்ளனர். ஏட்டின் குறையை ஏட்டுக்குரியோரே உரைத்த இக்கூற்றுகள் மிக்க மதிப்புடையன.

மூப்பர் அவைக் குறிப்புகள்

பதிவேட்டில் விடுபட்டோரை வேறோர் ஆவணத்தில் காண இயலும். ஒவ்வொரு பங்கிலும் குருவும் மூப்பர்களும் அடங்கிய கிர்க் செஷன் எனும் அவை கூடி மக்களின் ஒழுக்கத்தை விசாரித்தது. ஏழைகளுக்குப் பொருளுதவி வழங்கியது. அதன் நடவடிக்கைகள் குறிப்பேட்டில் எழுதப்பட்டன. மணமாகாத பெண்ணொருத்தி கருவுற்றால் அவள் அவைமுன் அழைக்கப்பட்டுக் குழந்தையின் தந்தை யார் என வினவப்பட்டாள். ஒழுக்கக் கண்டிப்போடு பொருளியற் காரணமும் இதற்கு இருந்தது. தந்தை இன்னார் என முடிவாகாவிடில் குழந்தையைப் பேணும் செலவு பங்கின் ஏழையர் நிதியைச் சாரும்.

இதனால் விளைந்த முரண் ஒன்று கருதத்தக்கது. ஒழுங்காக வாழ்ந்து, ஓலை வாசித்து மணந்து, வறுமையுறாது இறந்த பெண்ணைப் பற்றி ஏடு ஒரு வரியோ இரு வரியோதான் கூறுகிறது. அவைமுன் நிறுத்தப்பட்ட பெண்ணைப் பற்றியோ அவள் வேலை செய்த வீடு, அவள் கூறிய விடை, குற்றஞ்சாட்டப்பட்டவனின் மறுப்பு, சாட்சியர் உரை என விரிவாக எழுதப்பட்டுள்ளது. எந்தக் கூட்டம் அவளுக்கு மானக்கேடாக அமைந்ததோ அந்தக் கூட்டத்தின் குறிப்பே அவள் வாழ்ந்தாள் என்பதற்கு எஞ்சிய ஒரே சான்றாக நிற்பதும் உண்டு. ஏழையர் நிதிக் கணக்கிற்கும் இது பொருந்தும். திருமுழுக்கு ஏட்டில் காணப்படாத முதியவள் ஒருத்தி, குளிர்காலத்தில் அவள் பெற்ற சில்லறைக் காசின் கணக்கால் அறியப்படுகிறாள். இவற்றை எழுதியோர் இவர்களை நினைவில் நிறுத்த விரும்பி எழுதவில்லை என்பதை மறத்தலாகாது. பெண்ணின் சொற்கள் மூப்பர் கேட்ட வினாவுக்கு விடையாகவே வந்துள்ளன. எழுத்தரின் நடையிலேயே வந்துள்ளன.

பர்ன்ஸின் வாழ்வும் ஏடுகளும்

மேற்கூறிய கூறுகள் அனைத்தையும் ஒருங்கே காட்டவல்லது இராபர்ட் பர்ன்ஸின் வாழ்க்கை. அவர் 1759 சனவரி 25-இல் அல்லோவேயில் பிறந்தார். மறுநாள் குரு வில்லியம் டால்ரிம்பிள் திருமுழுக்கு அளித்தார். ஏர் பங்கின் ஏட்டில் பெற்றோர் பெயரும், சாட்சிகளாகிய ஜான் டென்னண்ட், ஜேம்ஸ் யங் ஆகியோர் பெயரும் உள்ளன. ஒரு குத்தகை உழவரின் மகன் பிறந்த நாளை ஐயத்துக்கிடமின்றி இன்று உலகம் கொண்டாடுவதற்கு இந்தச் சில வரிகளே அடிப்படையாகும்.

எனினும் இக்குடும்பத்தை ஒரே பங்கின் ஏட்டில் தொடர இயலாது. தந்தை வில்லியம் பிறந்தது வடகிழக்கே டன்னொட்டர் பங்கில். தாய் பிறந்தது கிர்க்காஸ்வால்ட் பங்கில். குடும்பம் 1777-இல் டார்போல்ட்டன் பங்கிலுள்ள லாக்லீ பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. 1784-இல் தந்தை இறந்தபின் மாக்லின் பங்கிலுள்ள மாஸ்கீலுக்குச் சென்றது. கவிஞர் 1788-இல் டன்ஸ்கோர் பங்கிலுள்ள எல்லிஸ்லாண்டிலும், 1791 முதல் டம்ஃபிரீஸ் நகரிலும் வாழ்ந்து 1796-இல் மறைந்தார். முப்பத்தேழு ஆண்டு வாழ்க்கையே ஐந்து பங்குகளின் ஏடுகளில் பரவிக் கிடக்கிறது. புகழால் அறியப்படாத குத்தகைக் குடும்பத்தைத் தேடுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை இதிலிருந்து உணரலாம்.

பர்ன்ஸ், ஜீன் ஆர்மர் ஆகியோரின் திருமணம் ஏட்டின் இயல்பை மேலும் விளக்குகிறது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஆணும் பெண்ணும் மனமொத்துத் தம்மைக் கணவன் மனைவி என ஏற்றுக்கொண்டாலே திருமணம் செல்லும். குருவோ ஓலையோ இன்றி நிகழும் இத்தகைய திருமணம் ‘முறைசாராத் திருமணம்’ எனப்பட்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1940 சூலையில் இதன் பெரும்பகுதி முடிவுக்கு வந்தது. 1786-இல் ஜீன் கருவுற்றிருந்தபோது பர்ன்ஸ் அவருக்குத் திருமண உறுதி எழுதிக் கொடுத்தார். ஜீனின் தந்தை அம்மணத்தை ஏற்கவில்லை; அத்தாளிலிருந்த பெயர்களை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு நீக்கச் செய்தார். அவ்வாண்டு பர்ன்ஸ் மாக்லின் சபையார் முன்னிலையில் நின்று கண்டனம் பெற்றார். அதன்வழி மணமாகாதவர் என்னும் சான்றையும் பெற்றார். செப்டம்பர் 3-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 1788 ஆகஸ்டு 5-இல் அதே மூப்பர் அவைமுன் இருவரும் வந்து தம் முறைசாராத் திருமணத்தை ஒப்புக்கொண்டனர். அவை கண்டித்து ஏற்றுக்கொண்டது. பர்ன்ஸ் ஏழையர் நிதிக்கு ஒரு கினி வழங்கினார் எனக் குறிப்பேடு கூறுகிறது.

1786ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் காண்பவர் பர்ன்ஸ் மணமாகாதவர் என்பார். 1788ஆம் ஆண்டுக் குறிப்பைக் காண்பவர் அவரை மணமானவர் என்பார். இரண்டும் ஒரே குரு வில்லியம் ஆல்டின் தலைமையில் அமைந்த ஓர் அவையிலிருந்தே வந்தவை. நடந்தது இன்னது என்பதைவிட, நடந்ததை அவை எவ்வாறு கொண்டது என்பதே ஏட்டில் பதிவாகியுள்ளது. பின்னர் நிகழும் திருமணத்தால் முன்னர்ப் பிறந்த குழந்தை முறையான மகவு என்னும் நிலையை அடைவதை ஸ்காட்லாந்துச் சட்டம் ஏற்றது. எனவே திருமுழுக்குப் பதிவில் ‘முறையான’ என்னும் அடைமொழி இல்லாமையைக் கொண்டு ஒருவரின் பிற்கால நிலையை முடிவு செய்தலும் கூடாது.

மாக்லின் மூப்பர் அவையைப் பர்ன்ஸ் தம் அங்கதக் கவிதைகளில் கடுமையாக எள்ளினார். ‘ஹோலி வில்லியின் மன்றாட்டு’ அவ்வவையின் மூப்பர் ஒருவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகும். அவர் எள்ளிய அவையின் குறிப்பேட்டையே அவர் வரலாற்றை எழுதுவோர் நம்பியுள்ளனர். கவிதை காட்டும் அவையையும் குறிப்பேடு காட்டும் அவையையும் ஒருங்குவைத்துப் பயிலும்போதே அக்காலச் சமூகம் முழுமையாகப் புலப்படும்.

கடல்கடந்தோர்: காலின் மெக்கன்சி

ஏட்டின் மௌனத்திற்குத் தமிழாய்வுலகம் நன்கறிந்த ஒருவர் சான்றாவார். தென்னிந்தியாவின் கைபீதுகளையும் வமிசாவளிகளையும் தலபுராணங்களையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, மேலைத் தீவுகளுள் ஒன்றான லூயிசின் ஸ்டோர்னொவே என்னும் ஊரில் பிறந்தவர். 1783-இல் சென்னைக்கு வந்த அவர், 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி 1821-இல் கல்கத்தாவையடுத்து மறைந்தார். அவர் பிறந்த ஆண்டை 1753 என்றும் 1754 என்றும் நூல்கள் வேறுபட உரைக்கின்றன. அவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் பின்னே பிறந்த ஏர்ஷயர் உழவர் மகனின் பிறந்தநாள் ஐயமற விளங்க, ஊர் அஞ்சல் அலுவலரின் மகனான இவருடைய பிறப்பு ஆண்டளவில்கூட உறுதிப்படவில்லை. இருவரையும் வேறுபடுத்தியது பிறந்த குடியின் உயர்வு தாழ்வன்று. பிறந்த பங்கின் ஏட்டு நிலையே ஆகும். பல குடிகளின் வமிசாவளிகளைத் தொகுக்கச் செய்தவரின் பிறப்பே ஏட்டின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது.

மெக்கன்சியைப் போல இந்தியாவுக்கு வந்தோரின் பிற்கால வாழ்வை இங்கிருந்து அனுப்பப்பட்ட திருச்சபைப் படிகளில் தேட வேண்டும். சென்னை மாகாணத்தின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 முதல் இலண்டனில் உள்ளன. இவை இன்று பிரித்தானிய நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த குழந்தைகளின் பதிவுகளில் தந்தையின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்க, தாய் பெயரின்றியோ திருமுழுக்குப் பெயரால் மட்டுமோ சுட்டப்படுவது உண்டு. தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பேணிய ஸ்காட்லாந்து மரபு இத்தாய்மாருக்கு நீளவில்லை.

இன்றைய அணுகல்

பங்குப் பதிவேடுகளை 1950களில் யூட்டா குடிவழிக் கழகம் நுண்படம் எடுத்தது. 2002-இல் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்னும் இணையத்தளம் தொடங்கப்பட்டுப் பதிவுகளின் படிமங்கள் கட்டணத்தின் பேரில் வழங்கப்படலாயின. 2011-இல் பதிவாளர் அலுவலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் இணைந்து ஸ்காட்லாந்துத் தேசிய ஆவணங்கள் நிறுவனம் உருவாயிற்று. 2021-இல் மூப்பர் அவைக் குறிப்பேடுகளின் படிமங்களும் அத்தளத்தில் இடம்பெறத் தொடங்கின.

இவ்வசதி பெரிதாயினும் அட்டவணையைப் பதிவாகக் கருதும் இடரையும் அது உடன்கொணர்கிறது. அட்டவணை பெயரையும் நாளையும் தரும். சாட்சியரையும், ஓரக் குறிப்பையும், முன்பின் உள்ள வெற்றுப் பக்கங்களையும் தராது. பெயர் கிட்டியதும் தேடலை முடிப்பவர், ஏடு பேசாத இடத்தைக் காணும் வாய்ப்பை இழக்கிறார்.

முடிவுரை

ஸ்காட்லாந்துப் பழம் பங்குப் பதிவேடுகள் 1552ஆம் ஆண்டு விதியில் தோன்றி 1854ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓரிடம் சேர்ந்தவை. தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பெயரீட்டு மரபு, சாட்சியர் பெயர் ஆகியவற்றால் அவை குடிவழி ஆய்வுக்குப் பெருந்துணையாகின்றன. வரி, சமயப் பிளவு, வறுமை, மொழி வேறுபாடு ஆகியவற்றால் அவை குறைபாடும் உடையன. அக்குறைபாடுகள் தற்செயலானவை அல்ல; கட்டணம் செலுத்தியோர், இணங்கி வாழ்ந்தோர், நிலையாகத் தங்கியோர் ஆகியோர் பக்கமே ஏடு சாய்ந்து நிற்கிறது. மற்றையோர் ஒழுக்க விசாரணையிலும் ஏழையர் நிதிக் கணக்கிலும் எஞ்சியுள்ளனர்.

ஆதலின் ஒரு பதிவைக் காணும் ஆய்வாளர் அதில் உள்ளது யாது என்பதோடு, அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், கட்டணம் செலுத்தியவர் யார், எழுதப்படாது விடப்பட்டவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை தேடாமல் வரையப்படும் குடிவழிப் பட்டியல், ஏடு எழுதியோரின் விருப்பு வெறுப்புகளை முன்னோரின் வரலாறாக ஏற்றுக்கொண்டதாகவே முடியும்.